டீசல் ஒரு மனுஷனோட பேரு

பங்க்குல "ஐநூறுக்கு டீசல்" என்று சொல்றப்போ ஒரு மனிதரின் பெயரைத்தான் சொல்றீங்க. ருடால்ஃப் டீசல், 1858-ல் பாரிஸில் பிறந்தவர். பெற்றோர் ஜெர்மானியர்கள். 1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டதால் குடும்பம் லண்டனுக்கு ஓட வேண்டியதாயிற்று. அங்கிருந்து 12 வயதுப் பையனை மட்டும் ஆக்ஸ்பர்க்கில் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பிறகு மியூனிக்கில் படிப்பு. நீராவி இயந்திரம் நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது என்று பேராசிரியர் லிண்டே வகுப்பில் சொன்னார். நாமும் தெர்மோடைனமிக்ஸில் இதைப் படிச்சோம், செமஸ்டர் முடிஞ்சதும் மறந்தோம். டீசல் மறக்கவில்லை. காற்றைக் கடுமையாக அழுத்தினால் அதுவே சூடேறும். அதில் எரிபொருளைச் செலுத்தினால் தீப்பொறி இல்லாமலே பற்றும். 1893-ல் முதல் சோதனையின்போது அழுத்தம் அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. 1897-ல் 26.2 சதவீதத் திறன் கிடைத்தது.

கடலை எண்ணெய்க்காகவே இதைக் கண்டுபிடித்தார் என்று ஒரு ஃபார்வர்டு சுத்துது, நம்பாதீங்க. நிலக்கரித் தூளைக்கூட யோசித்தார். கடைசியில் ஓடியது பெட்ரோலிய எண்ணெயில். கடலை எண்ணெய் வந்தது 1900-ல், பாரிஸ் கண்காட்சியில். ஆப்பிரிக்கக் காலனிகளில் விளைகிற கடலையை வைத்து அங்கேயே இயந்திரம் ஓட்டலாமே என்பது பிரெஞ்சு அரசின் கணக்கு. எந்த மாற்றமும் செய்யாமலே ஓடியது, பார்த்தவர்கள் பலருக்கு வித்தியாசமே தெரியவில்லை. 1912-ல் டீசலே தாவர எண்ணெய்க்கு எதிர்காலம் உண்டு என்று பேசினார். பெட்ரோலியம் மலிவாகக் கிடைத்தபோது அது எடுபடவில்லை.

1913 செப்டம்பர் 29 இரவு, ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குப் போன கப்பலில் சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போனவரை மறுநாள் காலையில் காணவில்லை. சில நாள் கழித்துக் கடலில் ஓர் உடல் கிடைத்தது. சட்டைப்பையில் இருந்த பொருட்களை வைத்து மகன் அடையாளம் காட்டினார். கொலை என்று கதைகள் ஏராளம். கழுத்துவரை கடன் இருந்தது மட்டும் உறுதி.

அவர் நினைத்தது வயலில் விளையும் எண்ணெய். ஆனா அதே எண்ணெய்தானே தாளிக்கவும் வேணும்? அதனால்தான் இப்போது ஈஸ்ட். பயோடீசல் 10 கிலோ தயாரித்தால் கழிவாகச் சுமார் 1 கிலோ கிளிசரால் மிஞ்சும். யாரோவியா லிப்போலிட்டிகா என்ற ஈஸ்ட் அதையே தின்று, நைட்ரஜன் குறையும்போது உடம்பில் எண்ணெயாகச் சேர்த்துக்கொள்கிறது. சேர்த்ததை அதுவே எரித்துவிடாதபடி சில மரபணுக்களை முடக்கினால் இன்னும் தேங்கும். எங்க ப்ராஜெக்ட் இதுலதான். கழிவில் கலந்திருக்கும் மெத்தனாலும் உப்பும் ஈஸ்டைப் படுத்துகின்றன. எண்ணெயை எடுக்க செல்சுவரை வேறு உடைக்கணும். அந்தச் செலவுக்குமுன் பெட்ரோலியம் இன்னும் மலிவுதான்.