அடையாற்றில் எழுந்த தன்னாட்சிக் குரல்

தாம்பரம் வரை விரிந்து கிடக்கும் இன்றைய தென்சென்னையில் பெசன்ட் நகரை அறியாதார் இலர். கடற்கரையால் புகழ்பெற்ற அப்பகுதி, அடையாற்றில் வாழ்ந்து மறைந்த அயல்நாட்டுப் பெண்மணி ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆளும் நாட்டின் தலைநகரில் பிறந்தும், ஆளப்பட்ட மக்களின் உரிமைக்காகக் காவலை ஏற்ற அவரே அன்னி பெசன்ட் அம்மையார்.

இளமையும் இழப்பும்

அன்னி பெசன்ட், 1847ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் இலண்டனில், அயர்லாந்து மரபில் வந்த குடும்பத்தில் பிறந்தார். ஐந்து வயதில் தந்தையை இழந்தார். இருபதாம் வயதில் மதகுரு ஒருவரை மணந்தார்; கொள்கை வேறுபாட்டால் 1873இல் பிரிந்தார். குடும்பக் கட்டுப்பாடு பற்றிய நூலொன்றை மறுபதிப்புச் செய்தமைக்காக 1877இல் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அதன் விளைவாக மகளை வளர்க்கும் உரிமையையும் இழந்தார். ஆயினும் அவர் ஓய்ந்துவிடவில்லை. 1888இல் இலண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்குத் துணைநின்றார்.

அடையாறு வாழ்க்கை

1893ஆம் ஆண்டு நவம்பரில் தூத்துக்குடியில் வந்திறங்கிய அம்மையார், இந்தியாவையே தம் தாயகமாக ஏற்றார். 1898இல் காசியில் மத்திய இந்துக் கல்லூரியை நிறுவினார். 1907இல் பிரம்மஞான சபையின் தலைவரானார். அச்சபையின் தலைமையகம் அமைந்த அடையாறு, அதன்பின் அவரது நிலையான இருப்பிடமாயிற்று. 1917இல் அங்கே தோன்றிய இந்திய மாதர் சங்கத்தின் முதல் தலைவரும் அவரே.

தன்னாட்சி இயக்கம்

1914இல் ‘காமன்வீல்’ என்னும் வார இதழையும் ‘நியூ இந்தியா’ என்னும் நாளிதழையும் அவர் நடத்தத் தொடங்கினார். கனடாவும் ஆஸ்திரேலியாவும் பெற்றிருந்த தன்னாட்சியை இந்தியாவும் பெறவேண்டும் என்பது அவரது கோரிக்கை. அரசு 1916இல் பத்திரிகைச் சட்டத்தின்படி 2,000 ரூபாய் பிணைத்தொகை பெற்று, பின்னர் அதனைப் பறிமுதல் செய்தது. மேலும் 10,000 ரூபாய் கேட்டது. அதனையும் செலுத்தி அவர் எழுதினார். அவ்வாண்டு செப்டம்பரில் சென்னையில் தன்னாட்சி இயக்கத்தைத் தோற்றுவித்தார்.

1917 ஜூன் மாதத்தில் ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அரசு, அருண்டேல், வாடியா ஆகியோருடன் அவரைக் காவலில் வைத்தது. உதகையில் தாம் தங்கியிருந்த இல்லத்தில் சிவப்பும் பச்சையும் கொண்ட தன்னாட்சிக் கொடியை அவர் ஏற்றினார். நாடெங்கும் கண்டனக் கூட்டங்கள் நடைபெற்றன. சர் சுப்பிரமணிய ஐயர் தம் ‘சர்’ பட்டத்தைத் துறந்தார். செப்டம்பரில் அரசு அவரை விடுவித்தது. அவ்வாண்டு டிசம்பரில் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் மாநாட்டிற்குத் தலைமையேற்று, அப்பொறுப்பை வகித்த முதல் பெண்மணி என்னும் சிறப்பைப் பெற்றார்.

விலகிய பாதை

புகழின் உச்சியில் இருந்த அவரை அடுத்த சோதனை எதிர்கொண்டது. சட்டத்தை மீறிப் போராடும் காந்தியடிகளின் வழியை அவரால் ஏற்க இயலவில்லை. சட்ட மறுப்பு நாட்டைக் குழப்பத்தில் ஆழ்த்தும் என்று அஞ்சினார். ஒத்துழையாமை இயக்கத்தை வெளிப்படையாக எதிர்த்தார். அவரைக் கொண்டாடிய மக்களே விலகிச் சென்றனர். அவர் தோற்றுவித்த இயக்கமும் 1920இல் காந்தியடிகளைத் தலைவராக ஏற்றுக்கொண்டது.

மக்கள் ஆதரவு குறைந்தபின்னும் அம்மையார் தம் முயற்சியைக் கைவிடவில்லை. இந்தியத் தலைவர்கள் பலருடன் இணைந்து அவர் உருவாக்கிய தன்னாட்சிச் சட்ட வரைவு, 1925இல் பிரிட்டன் நாடாளுமன்றம் வரை சென்றது, ஆயினும் சட்டமாகவில்லை. 1933 செப்டம்பர் 20ஆம் நாள் அடையாற்றில் அவர் மறைந்தார்.

விடுதலை இந்தியாவைக் காண அவர் வாழ்ந்திருக்கவில்லை. அது மலர்ந்த வழியும் அவர் வகுத்த வழியன்று. எனினும், ஊர்தோறும் கிளைகள் அமைத்து, படித்தவர்களையும் இளைஞர்களையும் அரசியலுக்கு அழைத்துவந்தது அவரது இயக்கமே. பின்னாளைய போராட்டம் நடந்துசென்ற பாதையில் அவர் வெட்டிய பகுதியும் உண்டு. அரசின் சினத்திற்கு அஞ்சாத அவர், மக்களின் பாராட்டை இழக்கவும் அஞ்சவில்லை.