சுழற்சியின் நடுவைக் கண்டவர்

1845ஆம் ஆண்டு சுவீடன் நாட்டின் ஓர்சா என்னும் ஊரிற் பிறந்த குஸ்தாவ் த லாவல், உப்சாலாப் பல்கலைக்கழகத்திற் பயின்று 1872இல் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1878இல் அவர் ஆக்கிய பாலாடை பிரிக்கும் பொறி அவர் புகழை உலகெங்கும் பரப்பிற்று. பாலைக் கலத்திலிட்டு மிக விரைவாகச் சுழற்றினால் கனத்த பகுதி விளிம்புக்கு ஒதுங்கும். இலேசான ஆடை நடுவில் தங்கும். அவ்வளவே. ஆயின் அவ்வேகத்தைத் தரவல்ல இயந்திரத்தைத் தேடப் புகுந்தவர், நீராவித் தாரையால் ஓடும் சுழலியைப் படைத்து, நிமிடத்துக்கு 30,000 சுற்று வரை சென்றுவிட்டார்.

இங்கேதான் ஆபத்து எதிர்ப்பட்டது. எத்துணைக் கவனமாகக் கடைந்தாலும் சில்லின் திணிவு மையம் தண்டின் நடுவில் மயிரிழையும் பிசகாது அமைவதில்லை. 100 கிராம் சில்லொன்றில் அப்பிசகு பத்திலொரு மில்லிமீற்றர் என்றும், வேகம் நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றும் கொள்வோம். சில்லின் நிறையைப்போல் நான்கு மடங்கான விசை, செக்கனுக்கு நூறு முறை சுழன்று தண்டை உலுக்கும். வேகம் இரட்டித்தால் அவ்விசை மேலும் நான்கு மடங்காகும். காத்தான்குடியில் என் மாணாக்கர் பந்தெறியும் ரோபோவுக்கெனச் செய்த சில்லை மேசைமீது ஓடவிட்டபோது, திருகாணிகள் தாமே கழன்று விழுந்ததன் காரணம் இதுவே. லாவலின் வாழ்வை நான் தேடிப் படித்ததும் அதன் பின்னரே.

தண்டு தன் இயல்பான அதிர்வோடு ஒத்திசையும் வேகத்தில் துள்ளல் எல்லை மீறும். அவ்வேகத்துக்கு மேல் எச்சில்லும் நிலையாக ஓடாதென இராங்கின் என்னும் பேரறிஞர் 1869இல் முடிவு கட்டியிருந்தார். தண்டைத் தடிப்பாக்குவதே எவர்க்கும் தோன்றும் வழி. லாவலோ, 1880களின் இறுதியில், அதனை மெல்லியதாக்கி வளையவிட்டார்! கொடிய வேகத்தை விரைந்து தாண்டியதும், சில்லு தன் திணிவு மையத்தையே நடுவாகக் கொண்டு அமைதியாகச் சுழன்றது.

இதைப் படித்த மாணவர் மெல்லிய தண்டைத் தேடி ஓடவேண்டா. அது பெருங்கணக்கு. ரோபோவுக்கு முதல் வேலை நிறையைச் சமன்செய்தல். தண்டோடு சில்லை மட்டமான இரு கூர்விளிம்புகளின்மேல் வைத்தால் கனத்த பக்கம் கீழே வரும். அங்கே சிறிது சுரண்டி, எந்நிலையில் விட்டாலும் அசையாது நிற்கும்வரை முயலல் வேண்டும். அதன் பின்னரும், சில்லைச் சுற்றி வலிய மறைப்பும் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் இன்றி ஓட்டலாகாது. கண் போனபின் பரிசுக்கிண்ணம் எதற்கு?

ஈட்டிய பொருளைப் புதிய முயற்சிகளிலேயே இறைத்த லாவல், 1913 பெப்ரவரி 2ஆம் நாள் ஸ்டொக்ஹோமில் காலமானார். வளைதண்டின் இயக்கத்தை ஜெப்கொட் என்பார் கணித வழியில் தெளிவுற விளக்கிய கட்டுரை, ஆறாண்டு கழித்து, 1919இல் வெளிவந்தது.