அமர்ந்தபடியே பிறரை எழச் செய்தவர்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்று நம் பெரியோர் கூறுவர். சுவரின் பாதி இடிந்துபோன பின்பும், மீதிச் சுவரில் அழகிய சித்திரம் எழுதலாம் என்று தம் வாழ்வாலேயே காட்டிச் சென்றவர் டாக்டர் மேரி வர்கீஸ்.

தென்னையும் பனையும் ரப்பரும் நிறைந்தது நம் திற்பரப்பு வட்டாரம். மரம் ஏறிப் பிழைப்போர் வாழும் ஊர்களில் மரத்திலிருந்து தவறி விழுவது புதிதன்று. விழுந்தவரின் முதுகெலும்பு முறிந்து கால்கள் செயலிழந்தால், இனி அவர் பாயோடுதான் என்று வீட்டார் மனம் உடைந்துவிடுகின்றனர். ஆகவே மேரி வர்கீஸின் வரலாறு நமக்கெல்லாம் மிகவும் பயன்படும் வரலாறாகும்.

இளமையும் கல்வியும்

மேரி வர்கீஸ் 1925-ஆம் ஆண்டு கொச்சிப் பகுதியில் பிறந்தார். மருத்துவராக வேண்டும் என்ற ஆவலோடு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1918-இல் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் பெண்களுக்கென்றே தொடங்கிய மருத்துவப் பள்ளியே பிற்காலத்தில் இக்கல்லூரியாக வளர்ந்தது. நம் மாவட்டத்து நெய்யூரில் பல்லாண்டுகள் மருத்துவப் பணி புரிந்த டாக்டர் சாமர்வெல் பின்னாளில் ஆசிரியராகச் சென்றதும் இதே கல்லூரிக்குத்தான். மேரி படிப்பை முடித்து அங்கேயே பணியில் அமர்ந்தார். பெண்களுக்கான மருத்துவத்தில் சிறந்து விளங்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம்.

ஒரு நாளில் மாறிய வாழ்வு

1954-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இளம் மருத்துவர்கள் சிலர் ஒன்றாக வண்டியில் உல்லாசப் பயணம் சென்றனர். வழியில் வண்டி கவிழ்ந்தது. மேரியின் முகத்தில் ஆழமான காயம் ஏற்பட்டது. அதனினும் கொடியது, அவருடைய தண்டுவடம் சேதமுற்றதாகும்.

மூளையின் கட்டளைகளை உடலுக்கும், உடலின் உணர்ச்சிகளை மூளைக்கும் கொண்டு செல்லும் நரம்புப் பாதையே தண்டுவடம். முறிந்த எலும்பு நாளடைவில் ஒட்டிக் கொள்ளும். தண்டுவடம் அவ்வாறு ஒட்டுவதில்லை. அதை முழுமையாகச் சீர்ப்படுத்தும் வழியை மருத்துவ உலகம் இன்றும் தேடிக்கொண்டுதான் இருக்கிறது. மேரிக்கு இடுப்பின் கீழ் அசைவும் இல்லை, உணர்வும் இல்லை என்ற நிலை உண்டாயிற்று. நேற்றுவரை நோயாளிகளின் கட்டிலருகே நின்ற டாக்டர், இன்று கட்டிலில் கிடக்கும் நோயாளியானார். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

உணர்விழந்த கைகள்

அக்காலத்தில் வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் என்பவர் தொழுநோயாளரின் கைகளைப் பற்றி அரிய ஆராய்ச்சி செய்து வந்தார். இந்நோயால் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்று மக்கள் நம்பியிருந்தனர். அது உண்மையன்று. கிருமி நரம்புகளைத் தாக்குவதால் கைகள் உணர்விழக்கின்றன. சூடான பாத்திரத்தைத் தொட்டாலும் கை சுடுவது தெரிவதில்லை. இவ்வாறு அறியாமல் ஏற்படும் புண்களே விரல்களை அழிக்கின்றன என்று அவர் கண்டறிந்தார். முழங்கைக்குக் கீழே கெடாமல் இருக்கும் தசைநாரை எடுத்து விரல்களோடு இணைத்து, மடங்கிப்போன விரல்களை மீண்டும் வேலை செய்ய வைத்தார். குணமடைந்தோர் கைத்தொழில் கற்றுத் தம் காலில் நிற்க, கல்லூரி வளாகத்திலேயே நவஜீவ நிலையம் என்னும் சிறு குடியிருப்பும் அமைந்தது.

இந்தப் பணிக்கு அவர் மேரியை அழைத்தார். கையில் செய்யும் அறுவை சிகிச்சையை மருத்துவர் அமர்ந்தபடியே செய்யலாம். நோயாளியின் கை மேசைமீது இருக்கும், மருத்துவரின் கைகள் நலமாக இருந்தால் போதும். மேரியின் கைகள் நலமாகவே இருந்தன! அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே சிகிச்சை செய்யக் கற்றார். எத்தனையோ கைகளைச் சீராக்கினார். உலகம் ஒதுக்கிய அந்த மக்கள், தங்களைப் போலவே உணர்விழந்த உடலோடு ஒரு டாக்டர் அமர்ந்து பணி செய்வதைக் கண்டு நம்பிக்கை பெற்றனர்.

மறுவாழ்வு இல்லம்

இத்துடன் அவர் மனம் நிறைவடையவில்லை. தம்மைப் போல் தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்கு நம் நாட்டில் தக்க இடம் இல்லையே என்று அவர் வருந்தினார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்று, பிறர் துணையின்றித் தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளப் பயிற்சி பெற்றார். பின்னர் நியூயார்க் நகரில் டாக்டர் ஹோவர்டு ரஸ்க் நடத்திய நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். நடக்க இயலாத ஒரு பெண் கடல் கடந்து சென்று கற்றுத் திரும்பினார் என்பது எண்ணுந்தோறும் வியப்பைத் தருகிறது.

தாயகம் திரும்பிய அவர் 1963-இல் வேலூர் மருத்துவமனையின் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் பாகாயத்தில் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நம் நாட்டில் இத்தகைய நிலையங்களுக்கு அதுவே முன்னோடி.

அங்கே கற்பிக்கப்பட்டவை சிறியன போல் தோன்றும். ஆனால் உயிரைக் காப்பவை அவையே. உணர்வற்ற உடல் ஒரே பக்கமாகக் கிடந்தால் படுக்கைப்புண் உண்டாகும். ஆகவே இரண்டு மணிக்கொரு முறை திரும்பிப் படுக்க வேண்டும். நாற்காலியில் இருப்பவர் அடிக்கடி கைகளை ஊன்றி உடலைச் சற்றே தூக்கிக்கொள்ள வேண்டும். சிறுநீர் தங்கிக் கிருமி சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இவற்றை வீட்டாரும் கற்றுச் சென்றால்தான் நோயாளி ஊரில் நலமாக வாழ முடியும். இழந்ததை எண்ணி அழுவதைவிட, எஞ்சியிருப்பதைக் கொண்டு வாழப் பழக்குவதே மறுவாழ்வு மருத்துவம்.

அவருடைய தொண்டைப் பாராட்டி நடுவண் அரசு 1972-இல் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986 டிசம்பரில் அவர் இறைவனடி சேர்ந்தார். அவர் வளர்த்த துறை இன்றும் வேலூரில் தொண்டாற்றி வருகிறது.

நாம் செய்ய வேண்டியது

மேரி வர்கீஸை நாம் போற்றினால் மட்டும் போதுமா? மரத்திலிருந்து விழுந்தவரைக் கைத்தாங்கலாகத் தூக்கி உட்கார வைக்கலாகாது. கழுத்தும் முதுகும் வளையாதபடி பலகையில் கிடத்தியே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இதை அறியாமல் தூக்குவதாலேயே சேதம் மிகுவதுண்டு. இதை நம் அப்பாமாருக்கும் அண்ணன்மாருக்கும் இன்றே சொல்வோம்.

மேடும் பள்ளமுமான நம் ஊரில் வீட்டுக்கும் ஆலயத்துக்கும் பள்ளிக்கும் படி ஏறித்தான் செல்கிறோம். ஒரு சாய்தளம் அமைக்கச் சிறிது சிமெண்டும் சிறிது மனமும் போதும். அது இல்லாமையால் சக்கர நாற்காலியில் இருப்பவர் ஞாயிறு திருப்பலிக்கும் வர இயலாமல் வீட்டிலேயே இருந்துவிடுகிறார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்துவிட்டது. அதில் தொழுநோயிலிருந்து குணமடைந்தோரும், பார்க்கின்சன் போன்ற நீடித்த நரம்பு நோய் உடையோரும் சேர்க்கப்பட்டுள்ளனர். எனினும் சட்டம் நம் வீட்டுப் படிவரைதான் வரும். படியைத் தாண்டி அவர்களை அழைத்து வர வேண்டியவர்கள் அண்டை வீட்டாராகிய நாமே.

கால்கள் இரண்டும் உள்ள நாம் எவருடைய வீட்டுக்காவது நடந்து சென்று, படுத்திருக்கும் ஒருவரோடு சற்று நேரம் பேசிவிட்டு வந்தால், அதுவே மேரி வர்கீஸ் அம்மையாருக்கு நாம் செலுத்தும் காணிக்கையாகும். வாழ்க அவர் புகழ்!