டர்பனில் ஒரு தலைப்பாகை

காந்தியடிகளின் சரிதத்தில் அவர் இரயிலிலிருந்து தள்ளப்பட்ட இரவையே பலர் நினைப்பர். நானோ அவருடைய தலைப்பாகையை நினைக்கிறேன். 1893ஆம் ஆண்டு மே மாதத்தில் டர்பன் துறையில் இறங்கிய அந்த இளம் பாரிஸ்டரின் நீண்ட மேலங்கியையும், வங்காளப் பாணியிற் கட்டிய தலைப்பாகையையும் கண்டோர் விந்தையாக நோக்கினர். இரண்டொரு நாளில் வர்த்தகர் அப்துல்லா சேத் அவரை நீதிமன்றத்துக்கு அழைத்துச் சென்றார். நீதவான் அவரையே உற்று நோக்கியிருந்து, ஈற்றில் தலைப்பாகையைக் கழற்றுமாறு பணித்தார். அவர் மறுத்து வெளியேறினார்.

ஆங்கிலத் தொப்பி அணிந்தால் தொல்லை தீருமென்று அவருக்கும் தோன்றியதுண்டு. அணிந்தால் உணவுச்சாலைப் பணியாளரென்றே கொள்வர் என்று சேத் தடுத்தார். நல்ல வேளை! பத்திரிகைகள் அவரை வேண்டா விருந்தாளியாக வருணித்தன. அதனாலேயே அவர் பெயர் எங்கும் பரவிற்று.

1894இல் வழக்கறிஞராகப் பதிவுபெற்ற அன்று, உயர் நீதிமன்ற விதிக்கு இணங்கி அவரே அதைக் கழற்றினார். சேத் மனம் வருந்தினார். வாசிக்கும் எனக்கும் சிறிது வருத்தமே.

ஆயினும் சில மாதங்களில் பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளி, எசமானால் அடியுண்டு, முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயிற் குருதியோடு அவர்முன் வந்து நின்றார். தலைத்துண்டு கையில் இருந்தது. வெள்ளையர்முன் அதை அவிழ்த்துவிடுவது ஒப்பந்தக் கூலிகள்மேற் சுமத்தப்பட்ட வழக்கம். அதனை அவர் காந்தியடிகளிடமும் கைக்கொண்டார். துண்டைக் கட்டிக்கொள்ளுமாறு அடிகள் கூறினார். பாலசுந்தரம் தயங்கினார்; பின்பு கட்டினார். அப்போது அம்முகத்திற் படர்ந்த மகிழ்ச்சியை, பல்லாண்டு கழித்துத் தம் சரிதத்தை எழுதியபோதும் அடிகள் மறந்தாரல்லர்.