கொல்லர் மகன் கண்ட செம்பொன் நீர்

நீரில் மூழ்கிய சிலிக்கன் தகட்டின்மேல் லேசர்த் துடிப்புகளைப் பாய்ச்சி, பெயர்ந்து வரும் நானோ துகள்களை அந்நீரிலேயே சேர்ப்பது என் ஆய்வு. சிலிக்கன் ஒரு குறைகடத்தி. இத்துறையின் வேரைத் தேடிச் சென்றால், குறைகடத்திக்கும் நானோ துகளுக்கும் முன்னோடியாக ஒருவரே நிற்கக் காண்கிறோம். அவர்தாம் மைக்கேல் பாரடே.

1791இல் லண்டன் நகரில் ஓர் ஏழைக் கொல்லருக்கு மகனாகப் பிறந்தார். எழுத்தும் சிறிது கணக்கும் கற்றதோடு பள்ளி முடிந்தது. பதினான்காம் வயதில் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார்; கட்ட வந்த நூல்களையே படித்து அறிவு பெற்றார். 1812இல் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, அவற்றைத் தாமே நூலாகக் கட்டி அவருக்கு அனுப்பினார். மறு ஆண்டு ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது.

1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டதற்காக உலகம் அவரைப் போற்றுகிறது. நம் துறைக்கோ 1833ஆம் ஆண்டே பெரிது. உலோகம் சூடேறினால் மின்சாரத்தைக் கடத்தும் திறன் குறையும். வெள்ளி சல்பைடோ சூடேறச் சூடேற நன்கு கடத்துவதை அவர் கண்டார். குறைகடத்தியின் குணம் ஏட்டில் ஏறியது அப்போதுதான்.

முதுமையிலும் ஆர்வம் தணியவில்லை. தங்கக் குளோரைடுக் கரைசலில் பாஸ்பரஸைச் சேர்த்து, மாணிக்கம் போலச் சிவந்த நீரைப் பெற்றார். நுண்ணோக்கியில் துகள் எதுவும் புலப்படவில்லை. ஆயினும் ஒளிக்கற்றையைக் குறுக்கே செலுத்தியபோது அதன் பாதை ஒளிர்ந்தது. தங்கம் கரையவில்லை, மிக நுண்ணிய துகள்களாக மிதக்கிறது என்று துணிந்து 1857இல் உரைத்தார். என் குடுவையில் துகள் சேர்ந்ததா என்று நான் முதலில் பார்ப்பதும் அதே குறுக்கொளியால்தான்!

ராயல் சங்கத்தின் தலைமைப் பதவி இருமுறை தேடி வந்தும் மறுத்த அப்பெருமகனார் 1867இல் மறைந்தார்.

தமிழ்வழியில் பயின்று வந்து, ஆங்கிலமும் கணிதமும் மிரட்ட, ஊருக்கே திரும்பிவிடலாமா என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு, நானும் எண்ணியவன்தான். பாரடே உயர்கணிதம் கற்றவரல்லர். கண்டதை அன்றன்றே எண்ணிட்டுக் குறிப்பேட்டில் எழுதியவர். அச்செந்நிறத்தைக் கணிதத்தால் விளக்க 1908இல் குஸ்தாவ் மீ வர வேண்டியிருந்தது. ஆகவே கணிதம் வேண்டாம் என்பதன்று. அதை உழைத்துக் கற்போம். அது கைவரும்வரை, காண்பதைக் கூர்ந்து காணவும் உள்ளபடி எழுதவும் நமக்கு என்ன தடை?