தாய்சேய் நலமே தவமாக: டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ்

கொச்சியின் மட்டாஞ்சேரியில் இன்று பேறுகாலம் நெருங்கும் பெண், அங்குள்ள அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனைக்குத் தயக்கமின்றிச் செல்கிறாள். நூறு ஆண்டுகளுக்கு முன்பு கேரள மண்ணில் நிலைமை வேறு. பிரசவம் என்பது வீட்டின் மூலையறையில் நடைபெற வேண்டியது. மருத்துவமனையோ கதியற்றவர்கள் போய்ச் சேருமிடம் என்றே பலரும் எண்ணினர். தாயோ சேயோ இறந்துவிட்டால் அதை விதியென்று ஏற்றனர். அந்த அச்சத்தை அகற்றப் பாடுபட்டவர்களுள் முதன்மையானவர் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ்.

மேரி 1886 ஆகஸ்ட் 2 அன்று, கோட்டயத்தை அடுத்த அய்மனத்தில், சிரியன் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அவருடைய தந்தை டி. இ. புன்னன், திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் மருத்துவர். தந்தையின் தொழில் மகளின் இலட்சியமாயிற்று. ஆனால் பெண் என்ற காரணத்தால் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் அறிவியல் பாடம் அவருக்கு மறுக்கப்பட்டது. மனம் தளராத மேரி, கிடைத்த வரலாற்றுப் பாடத்தையே பயின்று 1909-இல் பட்டம் பெற்றார். பின்னர் கடல் கடந்து இலண்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்றார். டப்ளின் நகரில் மகப்பேறு மருத்துவத்திலும், இலண்டனில் குழந்தை மருத்துவத்திலும் சிறப்புப் பயிற்சி பெற்றார்.

1916-இல் தந்தை காலமானார். அதே ஆண்டில் தாயகம் திரும்பிய மேரி, திருவனந்தபுரம் தைக்காட்டிலுள்ள மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். மறு ஆண்டு வழக்கறிஞர் கே. கே. லூக்கோஸை மணந்தார்.

மருத்துவமனை இருந்தது, மருத்துவரும் வந்துவிட்டார். மக்களின் நம்பிக்கைதான் வர வேண்டியிருந்தது. வழிவழியாகப் பேறு பார்த்து வந்த மருத்துவச்சிகளின் சொல்லுக்கே வீடுகளில் மதிப்பிருந்தது. அவர்களை இகழ்ந்து ஒதுக்குவது மேரிக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் அவ்வாறு செய்யவில்லை. அம்மருத்துவச்சிகளின் பிள்ளைகளுக்கே பேறுகாலப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார். இதனால் அக்குடும்பங்களின் பிழைப்பும் கெடவில்லை; புதிய மருத்துவமும் அவர்கள் வழியாகவே இல்லங்களை எட்டியது. பிறருக்குச் சொன்னதைத் தாமும் கடைப்பிடித்து, தம் முதற்குழந்தையை அதே மருத்துவமனையில் பெற்றெடுத்தார் என்பர். 1920-இல் கேரளத்தின் முதல் சிசேரியன் அறுவைச் சிகிச்சையைச் செய்தவரும் அவரே.

1922-இல் திருவிதாங்கூர் சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பட்டு, அதன் முதல் பெண் உறுப்பினரானார். 1924-இல் சமஸ்தானத்தின் தற்காலிகத் தலைமை மருத்துவ அதிகாரியாக, அதாவது சர்ஜன் ஜெனரலாக, அமர்த்தப்பட்டார். இந்தியாவில் அப்பதவியை வகித்த முதல் பெண்மணி அவர். அமெரிக்காவில் அப்பெயருடைய பதவிக்கு ஒரு பெண் வந்தது 1990-இல்தான். 1938-இல் அப்பொறுப்பை முழுமையாக ஏற்றபோது 32 அரசு மருத்துவமனைகள், 40 அரசு மருந்தகங்கள், 20 தனியார் நிலையங்கள் அவரது மேற்பார்வையில் வந்தன. அந்நாளில் திருவிதாங்கூரின் பகுதியாக இருந்து, 1956-இல் தமிழகத்தோடு இணைந்த நாகர்கோவிலில் காசநோய் மருத்துவமனை அமையவும் அவரே காரணமானார்.

இத்தனை இல்லங்களில் மழலை ஒலிக்கச் செய்தவரின் இல்லத்தில் துயரம் அடுத்தடுத்து நுழைந்தது. 1947-இல் கணவரை இழந்தார். தம் இரு பிள்ளைகளின் மறைவையும் தம் வாழ்நாளிலேயே காண நேர்ந்தது. 1975-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருதளித்தபோது அவர் முதுமையின் தனிமையில் இருந்தார். 1976 அக்டோபர் 2 அன்று, தமது தொண்ணூறாம் வயதில் மறைந்தார்.

பிறர் குழந்தைகளைக் காத்தவருக்குத் தம் பிள்ளைகளை நிலைநிறுத்திக்கொள்ளும் வரம் வாய்க்கவில்லை. பலனை எதிர்பார்த்துச் செய்த பணியாயின், இக்கணக்கு நேராகாது. பணியே வழிபாடாகும்போது கணக்கிற்கு அங்கு இடமில்லை. வலியால் துடிக்கும் தாயிடத்தும், முதல் மூச்சுக்குத் தவிக்கும் சிசுவிடத்தும் இறைவனே காத்திருக்கிறான் என்று உணர்ந்து செய்யும் சேவை, எந்தச் சமயத்தவர் செய்யினும் ஒரே பூஜைதான். மருத்துவச்சியின் மகளையும் மதித்து அருகில் அமர்த்திக் கற்பித்த அந்த அன்பு, தொண்டு செய்ய விழையும் ஒவ்வொருவருக்கும் பாடமாகும்.