சுட்டுக்கொல்லப்பட்ட விஞ்ஞானியின் பெயரைச் சுமக்கும் தேற்றம்

மூலக்கூறுகளைக் கணினியில் கணித்து ஆராயும் இரசாயனவியலாளர் எவரும் ஹெல்மன்–பெய்ன்மன் தேற்றத்தைப் படிக்காமல் தாண்டிப் போக முடியாது. இந்த இரு பெயர்களில் இரண்டாவது உலகறிந்தது. நோபல் பரிசு பெற்ற அமெரிக்கப் பௌதிகவியலாளர் ரிச்சர்ட் பெய்ன்மன் அவர். முதற்பெயருக்குரிய ஹான்ஸ் ஹெல்மன், 34 வயதில் மொஸ்கோவில் சுட்டுக்கொல்லப்பட்டவர்.

ஹெல்மன் 1903 ஒக்டோபர் 14 ஆம் திகதி ஜேர்மனியின் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் என்ற துறைமுக நகரில் பிறந்தார். ஸ்டுட்கார்ட்டில் பௌதிகவியல் கற்று, 1929 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் ஹனோவரில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் பணியில் சேர்ந்தார். அணுக்கள் ஏன் ஒன்றோடொன்று பிணைகின்றன என்ற கேள்விக்குக் குவாண்டம் கோட்பாட்டின் வழியே விடை தேடத் தொடங்கியது அங்கேதான்.

அவருடைய மனைவி விக்டோரியா யூத வம்சாவளியைச் சேர்ந்தவர். 1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அதுவே ஹெல்மனின் குற்றமாயிற்று. வேலை பறிபோனது. 1934 இல் மனைவியையும் சின்ன மகனையும் கூட்டிக்கொண்டு சொவியத் யூனியனில் தஞ்சம் புகுந்தார்.

மொஸ்கோவில் கார்ப்பொவ் நிறுவனம் அவரை வரவேற்றது. அடுத்த நான்கு ஆண்டுகளில் அவர் செய்த வேலை ஒரு முழு ஆயுளுக்குப் போதுமானது. பொற்றாசியம் அணுவில் 19 இலத்திரன்கள் உள்ளன. அவற்றுள் வெளியோரத்தில் இருக்கும் ஒன்றே இரசாயனப் பிணைப்பில் முக்கிய பங்கெடுக்கிறது. அப்படியானால் உள்ளே இருக்கும் 18 இலத்திரன்களையும் தனித்தனியே கணிப்பானேன்? அவற்றின் மொத்த விளைவையும் ஒரே அழுத்தச் சார்பாக வைத்துக்கொண்டு, வெளி இலத்திரனை மட்டும் கணித்தால் போதும் என்று அவர் காட்டினார். 1935 இல் இதை ஆங்கில ஆய்விதழிலும் வெளியிட்டார். கணினியே இல்லாத காலத்தில் பிறந்த இந்த வழியின் வாரிசுகள்தான், பொன் போன்ற பாரமான அணுக்களைக் கணிக்க இன்றைய மென்பொருள்களில் பயன்படுகின்றன.

1937 இல் அவர் எழுதிய குவாண்டம் இரசாயனவியல் நூல் முதலில் ரஷ்ய மொழியிலும், பின் ஜேர்மன் மொழியிலும் வெளிவந்தது. அத்துறையின் ஆரம்பப் பாடநூல்களுள் ஒன்று அது. இலத்திரன்கள் எவ்வாறு பரந்திருக்கின்றன என்று தெரிந்தால், அணுக்கருவின் மீதான விசையைச் சாதாரண மின்கவர்ச்சி, மின்தள்ளுகை விதிகளைக் கொண்டே கணித்துவிடலாம் என்ற தேற்றம் அதில் விளக்கப்பட்டிருந்தது.

அடுத்த ஆண்டு ஸ்டாலினின் களையெடுப்பு அவர் வீட்டுக் கதவையும் தட்டியது. 1938 மார்ச்சில் ஓர் இரவு அவரைக் கூட்டிச் சென்றனர். ஜேர்மனியில் பிறந்தவர் என்பதே சந்தேகத்துக்குப் போதுமாயிருந்தது. உளவாளி என்று குற்றஞ்சாட்டி, மே 29 ஆம் திகதி சுட்டுக்கொன்றனர். யூத மனைவியின் பொருட்டு ஒரு நாடு துரத்தியது. ஜேர்மனியன் என்று சொல்லி மற்றொரு நாடு கொன்றது. அந்நாட்களில் இவ்வாறு கொல்லப்பட்டவர்களின் உறவினர்களிடம், கடிதத் தொடர்புக்கு உரிமையற்ற 10 ஆண்டுச் சிறை என்று அதிகாரிகள் சொல்லியனுப்புவது வழக்கம். இறந்தவர்களுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் எத்தனையோ.

ஹெல்மன் இறந்து ஓராண்டு கழித்து, 1939 இல், மாணவராயிருந்த பெய்ன்மன் அதே தேற்றத்தைச் சுயமாகக் கண்டடைந்து வெளியிட்டார். அதில் களவு எதுவுமில்லை. ஆனால் ஓர் ஆய்வு மேற்கோள் காட்டப்பட வேண்டுமானால், அதை எடுத்துச்சொல்ல ஆள் வேண்டும், மாணவர்கள் வேண்டும், மாநாடுகளில் எழுந்து பேச வேண்டும். ஹெல்மனுக்கு அவை எதுவும் வாய்க்கவில்லை. மக்களின் எதிரி எனப்பட்டவரின் பெயரைச் சொல்லவே சொவியத்தில் அஞ்சினர். நாஸி ஜேர்மனியிலோ அவர் ஓடிப்போனவர். போருக்குப் பின் அவருடைய எண்ணங்கள் சிலவற்றை வேறு ஆய்வாளர்கள் புதிதாகவே கண்டடைந்தனர். புகழும் அவர்களையே சேர்ந்தது.

1957 இல் சொவியத் அரசு அவரைக் குற்றமற்றவர் என அறிவித்தது. தந்தையோடு மொஸ்கோவுக்கு வந்த மகன், 1991 இல்தான் ஜேர்மனிக்குத் திரும்ப முடிந்தது. 1999 முதல் ஜேர்மன் மொழி பேசும் நாடுகளின் கோட்பாட்டு இரசாயனவியலாளர்கள் இளம் ஆய்வாளர்களுக்கு ஹெல்மன் பெயரில் ஒரு பரிசு வழங்கிவருகின்றனர்.

மேற்கோள்களின் எண்ணிக்கையை வைத்து விஞ்ஞானிகளைத் தரப்படுத்தும் காலம் இது. ஹெல்மனின் தேற்றமோ, மூலக் கட்டுரையைச் சுட்டாமலே பயன்படுத்தும் அளவுக்குப் பாடநூல்களில் கலந்துவிட்டது. அவர் பெயரால் அதை அழைப்பவர்களில் பலருக்கு அவர் எப்படி இறந்தார் என்பது தெரியாது. கொன்றவர்களால் அழிக்க முடியாமற்போனது அந்தப் பெயர் ஒன்றைத்தான்.